இடுப்பு ஜவ்வு பிதுங்கிவிட்டதா? படுத்தே கிடக்காதீர்கள்!

காலைக் கருக்கலில் எழுந்து, ஒரு வாய் கோப்பி குடித்துவிட்டு வேலைக்குப் போகிறீர்கள். முதல் பாரத்தைத் தூக்கக் குனிந்த அதே கணத்தில் இடுப்பில் 'சுரீர்' என்று ஒரு வலி. நிமிர முடியவில்லை. பக்கத்து நிரைக்காரர் கைத்தாங்கலாகப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடுகிறார். இரண்டொரு நாளில் இடுப்பு வலி சற்றுக் குறைகிறது. ஆனால் பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்கால் வழியே பாதம் வரைக்கும் மின்சாரம் பாய்வதுபோல் ஒரு வேதனை கிளம்புகிறது. இருமினால் வலி, தும்மினால் உயிர் போகிறது.

உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "வாயுப் பிடிப்பு" என்பார் பாட்டி. "சுளுக்குத்தான், காலால் பிறந்த ஆளைக் கூட்டிவந்து இடுப்பில் மிதிக்கச் சொல்லு" என்பார் அடுத்த வீட்டுக்காரர். கோடாலித் தைலம் ஒரு பக்கம், உருவி விடுகிறவர் ஒரு பக்கம். எல்லாம் பலிக்காமல் போனால், "ஜவ்வு விலகிவிட்டதாம், இனிமேல் எழுந்திருக்க மாட்டான்" என்று ஊரே முடிவு கட்டிவிடும்.

அந்த முடிவுதான் தவறு. இந்த நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் கத்தி படாமலே குணமடைகிறார்கள். எப்படி என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஜவ்வு என்றால் என்ன?

முதுகெலும்பு ஒரே கம்பி அன்று. சிறு சிறு எலும்புகளை அடுக்கிவைத்த கோபுரம். இடுப்புப் பகுதியில் மட்டும் 5 எலும்புகள். ஓர் எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவே ஒரு மெத்தை. அதைத்தான் ஜவ்வு என்றும் வட்டு என்றும் 'டிஸ்க்' என்றும் சொல்கிறோம்.

மலாய்க்காரர் கடையில் விற்கும் ஒண்டே-ஒண்டே பலகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே மாவு, உள்ளே சர்க்கரைப் பாகு. ஒரு பக்கமாக அழுத்தினால் மறுபக்கம் மாவு கிழிந்து பாகு பீய்ச்சி அடிக்கும். ஜவ்வும் ஏறக்குறைய அப்படித்தான். வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கொழகொழப்பான கூழ். குனியும்போது முன்பக்கம் அழுந்துகிறது. கூழ் பின்பக்கம் தள்ளப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்து நார் வளையம் நைந்துபோன பின், ஒரு நாள் சின்னப் பாரத்துக்கே அது பிதுங்கிவிடுகிறது. "இத்தனை வருசம் எவ்வளவோ தூக்கினேன், ஒரு வாளித் தண்ணிக்கு இடுப்பு போய்விட்டதே" என்று சிலர் வியப்பது இதனால்தான்.

பிதுங்கிய இடத்துக்கு அருகேதான் காலுக்குப் போகும் நரம்பின் வேர் இருக்கிறது. கூழ் அதை அழுத்துகிறது. அழுத்துவதோடு அதைச் சுற்றி வீக்கத்தையும் எரிச்சலையும் உண்டாக்குகிறது. ஆகவே கோளாறு இடுப்பில், வலி காலில். காலைத் தேய்த்துப் பயனில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். இடுப்பில் ஏற்படும் பிதுக்கங்கள் 100-இல் 90-க்கு மேல் கடைசி இரண்டு ஜவ்வுகளில்தான் வருகின்றன. அந்த நரம்பு வேர்கள் பாதத்துக்குப் போகிறவை. ஜவ்வுக்கும் கால்வலிக்கும் உள்ள இந்தத் தொடர்பை உலகுக்குத் தெளிவாக எடுத்துக்காட்டியவர்கள் அமெரிக்காவின் போஸ்டன் நகர டாக்டர்கள் மிக்ஸ்டரும் பாரும், ஆண்டு 1934.

நம் வேலையும் நம் இடுப்பும்

பால்மரம் வெட்டுவோர் தாழ்ந்த பட்டையில் வெட்டும் காலத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு முறை குனிய வேண்டும். ஒரு நிரைக்கு 400, 500 மரம் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதற்குமேல் பால் எடுக்க இன்னொரு சுற்று, பால் சுமக்க இன்னொரு பாடு. 4 காலன் வாளி இரண்டைக் காண்டாவில் மாட்டித் தோளில் வைத்த பழைய தலைமுறைக்கு அது ஏறத்தாழ 36 கிலோ. செம்பனைக்கு மாறிய பிறகு வேலை குறைந்ததா? அண்ணாந்து பார்த்து அரிவாளால் இழுத்து அறுக்க வேண்டும். கீழே விழுந்த 10 முதல் 25 கிலோ குலையைக் குனிந்து எடுத்து வண்டியில் ஏற்ற வேண்டும். பெண்களோ உதிரிப் பழம் பொறுக்க மணிக்கணக்கில் வளைந்தே இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் துணி துவைக்க மறுபடியும் குனிய வேண்டும்.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போனவர்களும் தப்பவில்லை. லோரி ஓட்டுகிறவர், தொழிற்சாலையில் பெட்டி தூக்குகிறவர், நாற்காலியிலேயே இரவைக் கழிக்கும் காவலாளி என்று எல்லாரும் இந்த வரிசையில் நிற்கிறார்கள்.

1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஓர் ஆராய்ச்சி வெளியானது. தாமாக முன்வந்த ஒருவரின் இடுப்பு ஜவ்வுக்குள் சிறு கருவியைப் பொருத்தி, அவர் செய்யும் ஒவ்வொரு செயலிலும் ஜவ்வு எவ்வளவு அழுந்துகிறது என்று அளந்தார்கள். சும்மா நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 1 என்று வைத்துக்கொண்டால், முதுகை வளைத்து 20 கிலோ தூக்கும்போது அது 4½ மடங்குக்கு மேல் போயிற்று. முழங்காலை மடக்கித் தூக்கியபோது ஏறத்தாழ 3½ மடங்கு. அதே பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடித்தபோது 2 மடங்குக்குச் சற்று மேல். 20 கிலோ என்பது ஒரு குலையின் எடை என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாரம் ஒன்றேதான்; பிடிக்கும் விதத்தில் இத்தனை வேறுபாடு.

அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. இரவு தூங்கும்போது ஜவ்வு தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. காலையில் நாம் மாலையைவிட 1 முதல் 2 செண்டிமீட்டர் வரை உயரமாக இருப்பதும் இதனால்தான். ஊதியிருக்கும் ஜவ்வு குனிந்தால் எளிதில் சேதப்படும். ஆகவே எழுந்த முதல் அரை மணி, ஒரு மணி நேரம்தான் இடுப்புக்கு மோசமான நேரம். நம்மவர்களுக்கோ அந்த நேரத்தில்தான் வேலை ஆரம்பம்! வேறு ஒன்றும் முடியாவிட்டாலும், எழுந்ததும் குனிந்து பாய் சுருட்டுவதையும் வாளி தூக்குவதையும் தள்ளிப்போட்டு, பெரட்டுக்கு நடந்தே போங்கள். சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ வேண்டாம். அந்த நடை ஜவ்வைக் கொஞ்சம் படிய வைக்கும்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

இதை மட்டும் கத்தரித்துச் சுவரில் ஒட்டினாலும் தகும். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது. மலம் கட்டுப்படாமல் போவது. சைக்கிள் இருக்கையில் படும் இடமெல்லாம், அதாவது தொடையிடுக்கும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும், மரத்துப்போவது. இரண்டு கால்களும் பலமிழப்பது. இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். இரவானாலும் அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளம் அது. சீக்கிரம் அறுவை செய்யாவிட்டால் வாழ்நாள் முழுதும் சிறுநீருக்குக் குழாய் வைத்துக்கொள்ள நேரலாம். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இதுவல்ல. குறிப்பாகப் பெண்களுக்குச் சொல்கிறேன்.

வீட்டிலேயே செய்துபார்க்க ஒரு சோதனை. சுவரைத் தொட்டுக்கொண்டு குதிகாலால் பத்தடி நடங்கள். பிறகு நுனிக்காலால் பத்தடி. ஒரு கால் மட்டும் தொய்ந்து விழுந்தால், அல்லது நடக்கும்போது செருப்பு கழன்று கழன்று போனால், நரம்பு பலமிழக்கிறது என்று பொருள். அதே நாளில் டாக்டரைப் பாருங்கள். காய்ச்சல், காரணமில்லாமல் உடல் மெலிவது, முன்பு காசநோயோ புற்றுநோயோ இருந்தது, விழுந்து அடிபட்டது இவையும் ஜவ்வு என்று நாமே முடிவு செய்யக்கூடாதவை.

படுக்கை மருந்தாகாது

ஒரு காலத்தில் டாக்டர்களே மூன்று வாரம், நான்கு வாரம் பலகைக் கட்டிலில் படுக்கச் சொன்னார்கள். அது மாறிவிட்டது. 1986-இல் அமெரிக்காவில் முதுகுவலிக்காரர்களுக்கு 2 நாள் படுக்கை, 7 நாள் படுக்கை என்று இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். 2 நாள் படுத்தவர்கள் குணத்தில் பின்தங்கவில்லை. வேலைக்கு மட்டும் சீக்கிரம் திரும்பினார்கள். 1999-இல் நெதர்லாந்தில் காலுக்கு இறங்கிய வலியுள்ள 183 பேரை ஆராய்ந்தார்கள். பாதிப் பேர் இரண்டு வாரம் படுத்தார்கள். மற்றவர்கள் முடிந்தவரை நடமாடினார்கள். 12 வாரத்துக்குப் பிறகு இரு தரப்பிலும் 100-க்கு 87 பேர் தேறியிருந்தார்கள். படுத்ததால் கூடுதல் லாபம் எதுவும் இல்லை.

அப்படியானால் எது குணப்படுத்துகிறது? உடம்பேதான். பிதுங்கி வெளியே வந்த கூழை உடம்பு அந்நியப் பொருளாகக் கருதி, இரத்த அணுக்களை அனுப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. விந்தை என்னவென்றால், சிறிதாக வீங்கியதைவிடப் பெரிதாகப் பிதுங்கி வந்ததே அதிகமாகக் கரைகிறது. ஆகவே படத்தில் பெரிதாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். வலியே இல்லாத 20 வயதுக்காரர்களைப் படம் பிடித்தாலும் 100-க்கு 29 பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று 2015-இல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கணக்கிட்டுச் சொன்னார்கள். எம்.ஆர்.ஐ. படத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறோமே என்று ஏங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். அபாய அடையாளம் இல்லாதவர்களுக்கு முதல் ஆறு வாரத்தில் படம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

பயிற்சி சிகிச்சை எப்படி இருக்கும்?

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம். அங்கே டாக்டர் பார்த்து, அந்த இடத்திலேயோ பெரிய ஆஸ்பத்திரியிலேயோ உள்ள பிசியோதெராபி பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார். சிலர் முதல் நாள் போய்விட்டு, "ஒன்றும் செய்யவில்லை, சும்மா குப்புறப் படுக்கச் சொன்னார்கள்" என்று சலித்துக்கொண்டு மறுதடவை போவதில்லை. அந்தக் குப்புறப் படுக்கைக்கு ஒரு கதை உண்டு.

1956. நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கென்சி என்ற பயிற்சி மருத்துவர். மூன்று வாரமாகக் கால்வலி தீராத ஒரு நோயாளியிடம், "உள்ளே போய்க் கட்டிலில் குப்புறப் படுங்கள்" என்று சொல்லிவிட்டு வேறு வேலையில் இருந்தார். முந்திய நோயாளிக்காகக் கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. இவர் அதைக் கவனிக்காமல் அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னோக்கி வளைந்து கிடந்தது. திரும்பி வந்த மெக்கென்சி பதறிப்போனார்; அந்தக் காலத்தில் முதுகைப் பின்னால் வளைப்பது கெடுதல் என்று எண்ணினார்கள். நோயாளியோ, "மூன்று வாரத்தில் இன்றுதான் நன்றாக இருக்கிறது, கால்வலி போய்விட்டது" என்றார். அந்தத் தற்செயலிலிருந்து பிறந்த முறை இன்று உலகமெங்கும் வழங்குகிறது.

முறை இதுதான். முதலில் தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுத்து ஐந்து நிமிடம். தாங்கினால் முழங்கையை ஊன்றி நெஞ்சை உயர்த்தி ஐந்து நிமிடம். அதுவும் தாங்கினால், உள்ளங்கையை ஊன்றிக் கைகளால் மட்டும் மேலுடம்பைத் தூக்கி, இடுப்பைத் தளர்வாகத் தரையில் விட்டு, மெல்ல இறங்குவது பத்துத் தடவை. புஜங்காசனம் போலத் தோன்றும். ஆனால் இங்கே முதுகுச் சதை வேலை செய்யக்கூடாது, கை மட்டும்தான். இதை நாள் முழுதும் இரண்டு மணிக்கு ஒரு தடவை செய்யச் சொல்வார்கள்.

இதில் பார்க்க வேண்டிய குறி ஒன்று. பாதத்தில் இருந்த வலி கெண்டைக்காலுக்கு ஏறி, அங்கிருந்து தொடைக்கு ஏறி, கடைசியில் இடுப்பில் வந்து நின்றால் நல்ல சகுனம். இடுப்பு வலி சற்றுக் கூடினாலும் கவலையில்லை. மாறாக, வலி இன்னும் கீழே இறங்கினால், மரப்பு கூடினால், அந்தப் பயிற்சி உங்களுக்கு ஆகாது; நிறுத்திவிட்டுப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். எல்லார்க்கும் இது ஒத்துவராது. நரம்புப் பாதை குறுகிப்போன வயதானவர்களுக்குப் பின்னால் வளைந்தால் வலி ஏறும்; அவர்களுக்குச் சொல்லித்தரும் பயிற்சி வேறு. ஒருவர் செய்து குணமானதை இன்னொருவர் அப்படியே பார்த்துச் செய்வது நம்மிடையே உள்ள வழக்கம். இந்த நோயில் அது வேண்டாம்.

கால்வலி அடங்கிய பின்னர்தான் பலத்துக்கான பயிற்சி. மல்லாந்து முழங்காலை மடக்கிப் பிட்டத்தைத் தூக்குவது, தவழும் நிலையில் எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுவது என்று படிப்படியாக வரும். இவற்றோடு நடை. முதல் நாள் வீட்டு வாசலிலிருந்து கோயில் வரை, மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று கூட்டிக்கொண்டே போகலாம். மூன்றாம் வாரம் நான்காம் வாரத்தில் ஒரு நாள் வலி திரும்பும். அது மறுபடியும் ஜவ்வு கிழிந்ததாகாது. இரண்டு நாள் அளவைக் குறைத்துவிட்டுத் தொடரலாம். பெரும்பாலோர் பயிற்சியைக் கைவிடுவது அந்த நாளில்தான்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. சோற்றைக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்து அவரைப் படுக்கவே வைத்துவிடாதீர்கள். அன்புதான், தெரிகிறது. எழுந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டு, நாலு எட்டு நடந்துவிட்டு வரட்டும். தாழ்ந்த முக்காலியும் குழிந்த சோபாவும் இப்போதைக்கு ஆகாது. நோய் அம்மாவுக்கு வந்திருந்தால், துணி துவைக்கும் கல்லை இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை கட்டி உயர்த்திக் கொடுங்கள். அல்லது ஐயாவே துவைக்கட்டும், கை தேய்ந்துவிடாது.

மாத்திரையும் மற்றவையும்

வலி மாத்திரை பயிற்சி செய்யத் துணை நிற்கும் அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை வியாதி, இரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் வலி மாத்திரை வாங்கித் தின்னக்கூடாது. பல வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. சந்தையில் "மூட்டு வலி, இடுப்பு வலி ஒரே நாளில் போகும்" என்று விற்கும் பொட்டலங்களையும் ஜாமு மாத்திரைகளையும் தொடாதீர்கள். பதிவு பெறாத இத்தகைய மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. ஒரே நாளில் வலி பறந்துவிடும். பிறகு முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு உளுத்துப்போகும். முறையாகப் பதிவான மருந்தின் மேல் 'மால்' என்று தொடங்கும் எண் இருக்கும்.

சூட்டு ஒத்தடம் இதமாக இருக்கும், கொடுக்கலாம். மரத்துப்போன காலில் மட்டும் வேண்டாம், சூடு தெரியாமல் வெந்துவிடும். மிதிப்பது, முறுக்கிச் சொடக்கு எடுப்பது இரண்டும் நரம்பு நசுங்கியிருக்கும்போது ஆபத்து. மேலாகத் தைலம் தடவுவதில் பழுதில்லை.

ஆபரேஷன்? "முதுகில் கத்தி வைத்தால் கால் முடம்" என்ற பேச்சு இன்னும் நம்மிடையே உலவுகிறது. 2007-இல் நெதர்லாந்தில் கடுமையான கால்வலி உள்ள 283 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சீக்கிரமே அறுவை செய்தார்கள். மறு பிரிவுக்குப் பொறுத்திருந்து சிகிச்சை கொடுத்தார்கள். பொறுத்தவர்களில் 100-க்கு 39 பேர் வலி தாளாமல் பின்னர் அறுவைக்குப் போனார்கள், மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. அறுவை செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் தணிந்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 100-க்கு 95 பேர் குணம். ஆக, ஆபரேஷன் பேயுமல்ல, தெய்வமுமல்ல. சில வாரம் முயன்றும் வலி விடவில்லை, கால் பலமிழக்கிறது என்றால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

வேலை, வீடு, சொக்சோ

இவ்வளவும் படித்துவிட்டு, "எல்லாம் சரி ஐயா, நான் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாதே" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. குலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்குப் படுத்த நாள் பட்டினி நாள். தோட்டத்து வீடோ வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போய்விடுமோ என்ற அச்சம். அதனால்தான் பலர் வலியை மறைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பாரம் தூக்கி, சின்னதைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள்.

வேலையிடத்தில் பாரம் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால், அன்றே மண்டோரிடம் சொல்லுங்கள்: எந்த நிரை, எத்தனை மணி, எதைத் தூக்கினீர்கள், யார் பக்கத்தில் இருந்தார். முதன்முதலில் பார்க்கும் டாக்டரிடமும் அதையே சொல்லி எழுத வையுங்கள். "சும்மா இடுப்பு வலி" என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் கழித்து வேலையில் வந்தது என்றால் நிறுவுவது கடினம். விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. வேலை விபத்து என்று ஏற்கப்பட்டு, எம்.சி. குறைந்தது 4 நாளாவது இருந்தால், நாட்சம்பளத்தில் 100-க்கு 80 பங்கு கிடைக்கும். 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. உங்கள் பக்கத்து நிரையில் வேலை செய்கிறவருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

அதோடு, 2007 முதல் சொக்சோவில் 'மீண்டும் வேலைக்கு' என்ற திட்டம் நடக்கிறது. உங்களுக்கென்று ஓர் அதிகாரியை ஒதுக்கி, சிகிச்சை, பயிற்சி, முதலாளியிடம் பேச்சு எல்லாவற்றையும் அவர் கவனிப்பார். 2014-இல் மலாக்காவில் இதற்கென்றே பெரிய மறுவாழ்வு நிலையம் திறந்தார்கள். நீண்ட காலச் சிகிச்சை தேவைப்படுகிறவர்களுக்கு அங்கே இடம் உண்டு. நாமாகக் கேட்டு விண்ணப்பிக்காவிட்டால் யாரும் வீடு தேடி வரமாட்டார்கள்.

வேலைக்குத் திரும்பும்போது முதல் வாரமே முழு நிரை எடுக்காதீர்கள். வண்டியில் பாதிக் குலை ஏற்றி இரண்டு நடை போங்கள். குலையைத் தூக்கித் திருப்பும்போது இடுப்பைத் திருகாமல் பாதத்தைத் திருப்புங்கள். உதிரிப் பழத்துக்கு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, நீண்ட பிடியுள்ள சுரண்டியால் கூட்டிக் குவித்து அள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, இரு கையையும் இடுப்பில் வைத்து ஐந்து முறை பின்னால் வளைந்துகொள்ளுங்கள். டாக்டரிடம் 'கெர்ஜா ரிங்ஙான்', அதாவது இலகு வேலை என்று எத்தனை வாரத்துக்கு என்ற கணக்கோடு எழுதி வாங்குங்கள். அந்தக் கடிதத்தை அப்படியே கிராணியிடம் கொடுத்துவிடாமல், பட்டணத்தில் ஒரு நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டு கொடுங்கள்.